சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

ஜனவரி மாதம் சிங்கப்பூரில் ஏதாவதொரு சமூக மன்றத்தின் பொங்கல் விழாவுக்குப் போய், அங்கே ஓடியாடிக்கொண்டிருப்பவர்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் யார், சும்மா வந்து உழைப்பவர் யார் என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். எளிதில் முடியாது. எல்லார் மேலும் ஒரே நிறச் சட்டை. மைக்கைப் பிடித்து வரவேற்புரை சொல்பவர் வார நாட்களில் வங்கியின் கணினிப் பிரிவில் இருப்பார். சாப்பாட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருப்பார். கோலப் போட்டிக்குக் கட்டம் அளந்து சாக்பீஸால் கோடு போடுகிறவர் டாக்சி ஓட்டுநராக இருக்கலாம். காலை ஓட்டத்தை முடித்துவிட்டு நேராக வந்திருப்பார். இவர்கள் யாருக்கும் ஒரு வெள்ளி கூடக் கிடையாது. இவர்களைச் சிங்கப்பூரில் தொண்டூழியர்கள் என்கிறார்கள்.

கூட்டத்தில் கலக்காமல் தூணோரம் நின்று, கைபேசியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே மேகத்தை அண்ணாந்து பார்க்கும் இளைஞர் ஒருவர் இருப்பார். அவர்தான் சம்பளக்காரர். மழை வந்தால் பொங்கல் அடுப்பை எங்கே நகர்த்துவது, திறந்த வெளியில் நெருப்பு மூட்ட வாங்கிய அனுமதி அந்த இடத்துக்கும் செல்லுமா, மாலை ஆறு மணிக்கு அதே மண்டபத்தைக் கல்யாண வரவேற்புக்கு எடுத்திருப்பவர்களுக்கு நாற்காலிகளை எப்போது ஒழித்துக் கொடுப்பது என்பதெல்லாம் அவர் தலையில். பொங்கல் பொங்கியதும் குலவை போடுகிறவர்கள் மறுநாள் தம் வேலைக்குப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை ரசீதுகளை அடுக்கிக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அவர்.

இந்த இரு வகை மனிதர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் ஏற்பாடு தானாக அமைந்ததல்ல. மக்கள் கழகம் என்ற சட்டபூர்வ அமைப்பு 1960 ஜூலை 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதன் தலைவர் பதவி பிரதமருடையது, இன்றும் அப்படியே. பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற 28 சமூக நிலையங்கள்தான் அதன் முதல் சொத்து. இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 1990இல் ‘கம்யூனிட்டி சென்டர்’ (சமூக நிலையம்) என்ற பெயர் ‘கம்யூனிட்டி கிளப்’ (சமூக மன்றம்) ஆனது. பெயரின் சுருக்கம் மாறாததால் ஊர்க்காரர்களுக்குச் சிரமமில்லை. அன்றும் சீசீ, இன்றும் சீசீ.

ஆரம்பத்தில் நிலையங்களை நடத்தியவர்கள் மக்கள் கழகத்தின் ஊழியர்கள். மேசைப்பந்து மட்டைகளை எடுத்துக் கொடுப்பது, வானொலியைப் போடுவது, தையல் வகுப்புக்கு ஆள் சேர்ப்பது எல்லாமே அவர்கள் வேலை. அந்த ஏற்பாடு சீக்கிரமே ஆட்டம் கண்டது. 1961இல் ஆளும் மக்கள் செயல் கட்சி இரண்டாகப் பிளந்தது. பிரிந்துபோனவர்கள் பாரிசான் சோசலிஸ் கட்சியைத் தொடங்கினார்கள். கழகத்தின் ஊழியர்களில் கணிசமானோர் புதிய கட்சியின் பக்கம் சாய்ந்தார்கள், வேலைநிறுத்தம் வந்தது. அரசாங்கம் மக்களுக்கு எட்டும் தூரத்தில் கட்டிவைத்திருந்த வாசல்களின் சாவி, அரசாங்கத்தை எதிர்ப்பவர்களிடம் இருந்தது.

அன்றைய ஆட்சியாளர்கள் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். 1964இல் ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த வட்டாரக் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், கம்பத்துப் (கிராமத்துப்) பெரியவர்கள் அடங்கிய நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. சம்பளம் கிடையாது. மறு ஆண்டு குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள் வந்தன. கம்பங்கள் காலியாகி ஜனங்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபோன பின், 1978இல் வசிப்போர் குழுக்கள். இப்போது இப்படிப்பட்ட அடித்தள அமைப்புகள் 2,000 வரை இருக்கின்றன. நம்மவர்களுக்கு அதிகம் பழக்கமானவை சமூக மன்றங்களில் இயங்கும் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள். அவற்றை ஒருங்கிணைப்பது நற்பணிப் பேரவை. தீபாவளி, பொங்கல், ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழா என்றால் மன்றத்தில் இவர்கள் ராஜ்ஜியம்தான்.

இடையில் தொலைக்காட்சி செய்த உதவியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஒளிபரப்பு தொடங்கியபோது வீட்டில் பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் கொஞ்சம்பேர்தான். அரசாங்கம் சமூக நிலையங்களில் பெட்டிகளை வைத்தது. சாயங்காலமானால் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், சின்னப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கவும் ஆள் வேண்டுமே. எந்த நியமனக் கடிதமும் இல்லாமல் இப்படி வேலையை எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்களைத்தான் குழுக்கள் எப்போதும் தேடுகின்றன.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். ஒரு சமூக மன்றத்தில் மாதச் சம்பளம் பெறுகிறவர்கள் ஒரு சிலர்தான்: மேலாளர், அவருக்குக் கீழே ஓரிருவர், முகப்பில் உட்காரும் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள். தொகுதி முழுவதையும் கவனிக்கும் இயக்குநர் இவர்களுக்கு மேலே. யோகா, சமையல், கணினி, பரதநாட்டியம் சொல்லித்தருகிறவர்கள் கழகத்தின் ஊழியர்களும் அல்லர், தொண்டூழியர்களும் அல்லர். வகுப்பு நடந்தால் கட்டணத்தில் வருமானம், ஆள் சேராமல் வகுப்பு ரத்தானால் ஒன்றுமில்லை. துப்புரவும் காவலும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களுடையவை. மீதி எல்லாமே செயற்குழுக்களில் இருப்பவர்களின் மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்.

ஊழியருக்கும் தொண்டூழியருக்கும் உள்ள உறவு நுட்பமானது. மேலாளருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். குழுத் தலைவருக்கு அறுபது. தலைவர் இருபது வருடமாக அதே வட்டாரத்தில் இருப்பவர், எந்தப் புளோக்கில் எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்று அறிந்தவர். மேலாளர் சில ஆண்டுகளில் வேறு தொகுதிக்கு மாற்றலாகிப் போகப் போகிறவர். ஆனால் விதி தெரிந்தவர் மேலாளர். விலைப்புள்ளி கேட்காமல் ஒலிபெருக்கிக்காரரை அமர்த்த முடியாது என்று மூத்தவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியவரும் அவரே. “அங்கிள், நம்ம ஆளா இருந்தாலும் மூணு கொட்டேஷன் வேணும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவரால்தான் இந்த நாற்காலியில் நிலைக்க முடியும். அதிகாரம் யாரிடம் என்று கேட்டால் இருவருமே அடுத்தவரைக் காட்டுவார்கள்.

பணத்தில்தான் இந்தப் பக்குவம் பல் இளித்தது. 2015 ஜூலையில் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, சில அடித்தள அமைப்புகளில் தலைவரே தம் செலவுக் கோரிக்கைக்குத் தாமே ஒப்புதல் அளித்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. ஒப்பந்தங்களை அளித்த விதத்திலும் குறைகள் இருந்தன. மக்கள் கழகம் நிதி நடைமுறைகளைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்து விதிகளைத் திருத்தியது. ‘பாவம், சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள், அவர்களைப் போய்க் கணக்குக் கேட்பதா’ என்ற குரலும் அப்போது எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொதுப்பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் சம்பளம் வாங்குகிறாரா என்பது பேச்சே அல்ல. தொண்டூழியரிடம் ஓட்டமும் யோசனையும் இருக்கட்டும், காசோலைப் புத்தகம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட ஊழியரிடம் இருக்கட்டும் என்பதுதான் அந்த அறிக்கையைப் படித்ததும் தோன்றியது.

சரி, சும்மாதான் உழைக்கிறார்களா? சம்பளம் இல்லை என்பது உண்மை. ஒன்றுமே கிடைப்பதில்லை என்பது முழு உண்மை அல்ல. தேசிய தினத்தையொட்டி ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் விருதுப் பட்டியலில் பொதுச் சேவைப் பதக்கமும் பொதுச் சேவை நட்சத்திரமும் பெறுகிறவர்களில் அடித்தளத் தலைவர்கள் நிறைய. அதைவிடப் பேச்சுக்கு இடமானது பள்ளி இடம். தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளைகளைப் பதிவு செய்யும்போது ‘2பி’ என்றொரு கட்டம் உண்டு. பள்ளியில் நாற்பது மணி நேரமாவது தொண்டு செய்த பெற்றோருக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் உள்ள இந்த முன்னுரிமை, தீவிரமாக இயங்கும் சமூகத் தலைவர்களுக்கும் உண்டு. பிள்ளைக்கு நான்கு வயதானதும் திடீரென்று சமூக உணர்வு பீறிட்டு வருகிறவர்களைப் பற்றி மன்றத்துக் கேலிப்பேச்சுகள் நிறையவே உலவும். முன்பு ஓராண்டு சேவை போதும் என்றிருந்தது, பின்னர் இரண்டாண்டாக உயர்த்தப்பட்டது. அப்படி வந்தவர்களில் சிலர் பிள்ளை பள்ளியை முடித்த பிறகும் குழுவிலேயே தங்கிவிடுவதும் உண்டு என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். ஆகவே வந்த காரணத்தை வைத்து ஆளை எடைபோடத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் ஆதாயம் இருக்கிறது என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுவது, எதையும் எதிர்பாராமல் வந்தவர்களுக்கும் நல்லது.

அரசியலைத் தொடாமல் சமூக மன்றத்தைப் பற்றி எழுத முடியாது. குழு உறுப்பினர்கள் வட்டார மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் அடித்தள அமைப்புகளுக்கு ஓர் ஆலோசகர் உண்டு. அவரையும் மக்கள் கழகமே நியமிக்கிறது. ஆளும் கட்சித் தொகுதிகளில் நாடாளுமன்ற உறுப்பினரே ஆலோசகர். 1991 முதல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி வசம் உள்ள ஹவ்காங்கிலும், 2011இல் அக்கட்சி வென்ற அல்ஜுனிட்டிலும் ஆலோசகர் வேறொருவர். எதிர்க்கட்சி உறுப்பினர் தம் மக்கள் சந்திப்பைப் பெரும்பாலும் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டு நடத்துகிறார். அரசாங்கத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பது ஆலோசகரின் வேலை, அதை எதிர்க்கட்சியினரிடம் எதிர்பார்க்க முடியாது என்பது கழகம் தரும் விளக்கம். வாக்காளர் தேர்ந்தெடுத்தவருக்கு மன்றத்தில் இடமில்லையா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இரு தரப்பு மேசைகளிலும் உட்கார்ந்து பாட்டிகளின் விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறவர்கள் சம்பளம் வாங்காதவர்கள்தான்.

இத்தனை குறை சொன்ன பிறகு 2020ஐ நினைத்துப் பார்ப்பது நியாயம். அந்த பிப்ரவரியில் ஒரு குடும்பத்துக்கு நான்கு முகக்கவசம் என்ற கணக்கில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றைப் பொட்டலம் கட்டியவர்கள் ராணுவ வீரர்கள். சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழு மையங்களிலும் மேசை போட்டு, முகவரி சரிபார்த்து, கையில் கொடுத்தவர்களில் கழக ஊழியர்களும் இருந்தார்கள், தொண்டூழியர்களும் இருந்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்றே தெளிவாகத் தெரியாத நாட்கள் அவை. வயதான குழு உறுப்பினர்களை வீட்டில் இருக்கச் சொல்வதா, வேண்டாமா என்ற சங்கடமும் வந்தது. ஊழியருக்கு ‘வா’ என்று உத்தரவிடலாம், தொண்டூழியருக்கு அப்படி இட முடியாது. இருந்தும் வந்தார்கள். பிறகு தொடர்புத்தடம் அறியும் கருவிகளையும் மன்றங்கள் விநியோகித்தன. 2021இல் பல மன்றங்கள் தடுப்பூசி நிலையங்களாயின. பூப்பந்துத் திடலின் வெள்ளைக் கோடுகள் மேல் நாற்காலி போட்டு, ஊசி போட்டவர்கள் பதினைந்து நிமிடமோ அரை மணி நேரமோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஊழியரும் தொண்டரும் சேர்ந்து உழைக்கும் விஷயத்தில் பிரிட்டனில் கதை வேறு மாதிரி போனது. 2010க்குப் பிறகு உள்ளாட்சிகளுக்கான நிதி வெட்டப்பட்டபோது நூற்றுக்கணக்கான நூலகங்கள் தொண்டர்கள் கைக்கு மாறின. சம்பளம் வாங்கிய நூலகர்கள் வெளியேறினார்கள். மூடாமல் காப்பாற்றினார்களே என்று பாராட்டலாம். ஆனால் அங்கே தொண்டர் வந்தது ஊழியருக்குத் துணையாக அல்ல, ஊழியரின் இடத்துக்கு. சிங்கப்பூர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. எத்தனை குழு வந்தாலும் காலையில் மன்றத்தைத் திறக்கவும் இரவில் பூட்டவும் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உழைப்பை இலவசமாகக் கொடுக்க ஒருவர் முன்வருவது, திங்கட்கிழமைப் பொறுப்பு வேறொருவருடையது என்ற நிம்மதியால்தான்.

இப்போது குழுக்களின் கவலை ஆள் கிடைப்பது. மாதாந்திரக் கூட்டம், அறிக்கை வாசிப்பு, இரண்டு மணி நேர விவாதம் என்றால் இளைஞர்கள் வருவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை முதியோருக்குக் கைபேசி கற்றுத்தர வேண்டும் என்றால் வருகிறார்கள். முடிந்ததும் போய்விடுகிறார்கள். தொடர்ந்து இருப்பவர்களைக் கொண்டு உருவான அமைப்பு, வந்து வந்து போகிறவர்களை வைத்து நடக்கப் பழக வேண்டியிருக்கிறது. இதனால் ஊழியரின் வேலைதான் கூடுகிறது: ஒவ்வொரு முறையும் புதியவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்து ஆள் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, நிரந்தரவாசியாகி, குடியுரிமைக்கு ஒப்புதல் பெற்றவர்கள் சிங்கப்பூர் குடியுரிமைப் பயணம் என்ற நிகழ்ச்சித் தொடரை முடிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி, வட்டாரத் தொண்டூழியர்களோடு உட்கார்ந்து பேசும் சமூகப் பகிர்வு நிகழ்ச்சி. அதுவரை பூப்பந்துக்கும் பிள்ளையின் நடன வகுப்புக்கும் மட்டுமே மன்றத்துக்கு வந்த பலர், அதை நடத்துகிறவர்களோடு முதல்முறையாகப் பேசுவது அன்றைக்குத்தான். வருகைப் பதிவை ஊழியர் சரிபார்ப்பார். பேச வந்த தொண்டூழியரும் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்தவராக இருக்கக்கூடும். தேநீர் இடைவேளையில், அடுத்த தீபாவளிக்குக் கோலம் போட ஆள் குறைகிறது என்று அவர் மெதுவாக ஆரம்பிப்பார்.