மடத்தின் வயதை விக்கிப்பீடியா எப்படி எழுத வேண்டும்?

பெரிய காஞ்சிபுரம் சாலைத் தெருவில் உள்ள காஞ்சி காமகோடி மடத்தை, கி.மு. 482-இல் ஆதிசங்கரர் நிறுவினார் என்பது மடத்து மரபு. ஆய்வாளர் பலரோ சங்கரரின் காலம் கி.பி. 8-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சிருங்கேரி, துவாரகை, பூரி, ஜோதிர்மடம் என நான்கை மட்டுமே அவர் நிறுவினார் என்போர், காஞ்சியை அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்கிப்பீடியாவில் இதை எப்படி எழுதுவது? அதற்குத்தான் 'நடுநிலை நோக்கு' என்ற விதி. நடுநிலை என்பதற்காக இரண்டு தேதியையும் கூட்டிப் பாதியாக்கினால் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வரும். அதை யாருமே சொல்லவில்லை! மடம் சொல்வதை மடத்தின் பெயரில் எழுதணும்; ஆய்வாளர் சொல்வதை அவர்கள் பெயரில், நூலும் பக்கமும் காட்டி எழுதணும். இரண்டுக்கும் சரிசமமாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை. வரலாற்றுக் கேள்வியில் ஆய்வுச் சான்றுக்கே எடை அதிகம். பக்தருக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனால், நம்பிக்கையை நம்பிக்கை என்று எழுதுவது அவமதிப்பு அல்ல.

எழுதியவர் யாரென்றே தெரியாத கட்டுரையை எதை வைத்து நம்புவது? மேற்கோளை வைத்துத்தான். ஒவ்வொரு திருத்தமும் 'வரலாறு' பகுதியில் பதிவாகிறது. யார், எப்போது, எதை நீக்கினார் என்பது அங்கே தெரியும். ஆனால் பார்க்க ஆள் வேண்டுமே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எல்லாம் சம்பளமில்லாத உழைப்பு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் கண்காணிக்கும் கண்கள் இங்கே குறைவு. பிழை புகுந்தால் நெடுநாள் தங்கிவிடும்.

மேற்கோள் வேண்டும் என்ற இந்த விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் மூன்று நாடா போட்டுக் கோர்வைச் சேலை நெய்பவருக்கு, உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும் இடத்தில் இழை எப்படிப் பிசகும் என்பது அத்துப்படி. ஆனால், அச்சேறாத அந்த அறிவை அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் கட்டுரையில் சேர்க்க முடியாது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. பொய்யைத் தடுக்கும் அதே வேலி தறிக்காரரையும் வெளியே நிறுத்துகிறது. இது விதியின் குறை என்பதைவிட, கைத்தொழிலை எழுதிவைக்காத நம் கல்லூரிகள், பதிப்பகங்களின் குறை என்றே சொல்வேன்.

காஞ்சிபுரத்துக் கல்லூரி ஆசிரியர்களே, தறிக்காரர்களிடம் கேட்டு எழுதி, முறையாகப் பதிப்பித்து வையுங்கள். மேற்கோள் காட்ட அப்போதுதான் ஏதாவது இருக்கும்.