கலத்தின் உள்ளே – 7: பாலை நிறுத்தும் மஞ்சள் பைகள்

புன்வெற்றிடம் என்ற பெயர் அந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை. அது வெற்றிடமே அல்ல. நீர், உப்பு, வெல்லம், அமிலம், நிறப்பொருள், கசப்பு என்று கலம் ஒதுக்கிவைத்தவையெல்லாம் நிறைந்த, ஒற்றை மென்சவ்வால் மூடிய பை அது. முதிர்ந்த தாவரக் கலத்தில் இப்படியொரு பை பெருத்துக் கனவளவில் 80, 90 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவும் பச்சையவுருமணிகளும் ஓரமாக ஒதுங்கிவிடும். கலச்சுவர் பற்றிச் சென்ற வாரம் சொன்னது இங்கே உதவும்: பை நீரை இழுத்து வீங்குகிறது, சுவர் இடங்கொடுக்க மறுக்கிறது, அந்த இழுபறியில் பிறப்பதே வீக்க அமுக்கம். வாடிய கீரை தண்ணீரில் போட்டதும் நிமிர்வது இதனால்தான்.

தாவரக் கலத்தில் பெரியது ஒன்று. விலங்குக் கலத்தில் சிறியவை சில, அல்லது ஒன்றுமே இல்லை. சாதாரண தரப் பாடத்து அட்டவணை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. அந்த அட்டவணைக்கு அடங்காத மரமொன்று மாவனல்லைப் பக்கத்துச் சரிவுகளிலேயே வரிசை வரிசையாக நிற்கிறது. அது இறப்பர். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எடுத்துச் சென்ற விதைகள் 1876இல் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 2,000 நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. கேகாலை மாவட்டம் வரை பரவிய மரத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

இறப்பர் பால் மரத்தின் சாறு என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது உயிருள்ள கலங்களின் குழியவுரு. பட்டைக்குள் வரிசையாக அமைந்த கலங்களின் இடைச்சுவர்கள் கரைந்து, அவை நீண்ட குழாய்களாக ஒன்றிணைகின்றன. கத்தி பட்டதும் அந்தக் குழாய்களின் குழியவுருவே வழிந்து சிரட்டையில் விழுகிறது. கருக்களில் பெரும்பாலானவை குழாய்ச் சுவரோடு ஒட்டி உள்ளேயே தங்கிவிடுவதால், மரம் அடுத்த வெட்டுக்கு மீண்டும் பால் சுரக்கிறது.

இந்தக் குழாய்களில் பெரிய மையப் புன்வெற்றிடத்தைத் தேடினால் கிடைக்காது. அதற்குப் பதிலாக எண்ணற்ற குட்டிப் புன்வெற்றிடங்கள் பாலிலே மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பங்கு விட்டமுள்ளது. பாலை வேகமாகச் சுழற்றிப் பிரித்தால் இறப்பர் மேலே திரளும், மஞ்சள் சாயலுள்ள இந்தப் பைகள் அடியில் படியும். ஹோமன்ஸ், வான் கில்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 1948இல் இவற்றைப் பிரித்தறிந்தனர். மஞ்சளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை ஒட்டி இவற்றுக்கு லூட்டொயிட் என்று பெயர்.

இவற்றின் வேலை வியப்பானது. விடியற்காலையில் இலைகள் நீரை இழக்கத் தொடங்கும் முன், பாற்குழாய்க்குள் 10 முதல் 14 வளிமண்டலம் வரை அமுக்கம் இருக்கும். கார் டயருக்கு அடிக்கும் காற்று அதில் ஐந்திலொரு பங்குதான். தோட்டங்களில் பால்வெட்டுக்காரர் விடியும்போதே மலையேறுவதற்குக் காரணம் இதுவே. வெயில் ஏறினால் அமுக்கம் இறங்கும், பாலும் குறையும். வெட்டியதும் அமுக்கம் சட்டென விழுகிறது. சுற்றியுள்ள கலங்களிலிருந்து நீர் குழாய்க்குள் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த பாலில் லூட்டொயிட்டுகள் ஊதி வெடிக்கின்றன. வெளியே நடுநிலையை ஒட்டிய பால். பைக்குள்ளோ அமிலம், கல்சியம், மக்னீசியம், ஹெவீன் என்ற சிறு புரதம். இவை வெளியே கொட்டியதும், எதிரேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதந்த இறப்பர்த் துணிக்கைகள் ஒட்டித் திரள்கின்றன. வெட்டுவாய் அடைபடுகிறது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் பால் நிற்பது இப்படித்தான். தொழிற்சாலைத் தட்டில் போமிக்கமிலம் விட்டுப் பாலை உறைய வைக்கிறார்கள். ஏறத்தாழ அதே வேலையை மரம் தன் காயத்தில் தானே செய்துகொள்கிறது. வெட்டுக்கோட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பால் அதன் சாட்சி. அந்தத் தமிழ்ச்சொல் சற்றுத் திரிந்து சிங்களத்திலும் வழங்குகிறது.

தேயிலைக் கொழுந்திலும் இதற்குச் சமமான ஒன்று நடக்கிறது. துவர்ப்புப் பொருள் புன்வெற்றிடத்துக்குள், அதை மாற்றும் நொதியம் வெளியே. உருட்டு இயந்திரம் பையைக் கிழித்து இரண்டையும் கலந்தால்தான் கொழுந்து சிவக்கும்.

1968இல் புஜார்நிஸ்கிள் என்ற ஆய்வாளர் லூட்டொயிட்டுகளுக்குள் செரிமான நொதியங்கள் இருப்பதைக் காட்டி, அவற்றை இலைசொசோமுக்கு ஒப்பிட்டார். இலைசொசோம் என்பது விலங்குக் கலத்துக்கு உரிய செரிமானப் பை. கிறிஸ்டியன் டி டுவே அதை 1955இல் அறிவித்து, 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே ஒன்றா பலவா, பெரிதா சிறிதா என்ற எண்ணிக்கை வேறுபாடு மேலோட்டமானது. அடிப்படை வேறுபாடு சுவரில் இருக்கிறது. சுவரில்லாத செங்குருதிக் கலத்தைத் தூய நீரில் இட்டால் அது வீங்கி வெடித்துவிடும். நீரை இழுத்து அமுக்கம் சேர்க்கும் பெரும்பையை அத்தகைய கலம் தாங்காது. உடற்திரவத்தின் உப்புச் செறிவைச் சிறுநீரகம் காத்துத் தருவதால் அதற்கு அப்படியொரு பையின் தேவையும் இல்லை. விலங்குக் கலத்தின் புன்வெற்றிடங்கள் பெரும்பாலும் தற்காலிகமானவை. வெண்குருதிக் கலம் பற்றீரியாவை விழுங்கும்போது ஒரு பை உண்டாகிறது, இலைசொசோம் அதனோடு இணைகிறது, செரிப்பு முடிந்ததும் பை மறைகிறது. மகா ஓயாவின் தேங்கிய நீர் போன்ற நன்னீரில் வாழும் பரமேசியம் விலங்கல்ல, ஒற்றைக்கல உயிர். சுவரற்ற அது, உட்புகும் நீரைச் சுருங்கும் புன்வெற்றிடத்தால் இடைவிடாமல் வெளியே இறைத்தே பிழைக்கிறது.

உணவுப் புன்வெற்றிடத்தை விரித்துச் சொல்லும் இடம் இந்த வாரம் இறப்பருக்குப் போய்விட்டது. 1934–35இல் கேகாலை மாவட்டத்தைக் கொடுமையாகத் தாக்கிய மலேரியாவின் ஒட்டுண்ணி, ஈமோகுளோபினைச் செரிப்பது அப்படியொரு பைக்குள்தான். மலேரியா மருந்தான குளோரோகுயின் போய்த் தங்கி வேலைசெய்வதும் அதே பையில். அது அடுத்த வாரம்.