வீட்டில் பிறக்கும் கதையாட்டம்

தாயமும் பரமபதமும் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் ஆடப்படும் ஆட்டங்கள். இவற்றில் கட்டங்களும் விதிகளும் முன்பே வரையப்பட்டிருக்கும். ஆடுவோர் காய்களை நகர்த்தினால் போதும். பரமபதத்தில் பாம்பின் தலையை அடைந்த காய் இறங்கியே ஆக வேண்டும். பாம்போடு பேசிப் பார்க்க அங்கு வழியில்லை. பாம்போடு பேசிப் பார்க்கவும் வழி தரும் ஆட்டம் ஒன்று உண்டு.

அவ்வாட்டத்தில் ஒவ்வொருவரும் வீரராகவோ, மருத்துவராகவோ, மந்திரம் கற்றவராகவோ ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் மட்டும் கதை நடத்துநராக இருந்து, இடத்தையும் நிகழ்ச்சியையும் வருணிக்கிறார். மற்றவர்கள் தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்கின்றனர். அச்செயல் கைகூடுமா என்பதில் ஐயம் எழும்போது பகடை உருட்டப்படுகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரமேற்று ஆடும் இந்த ஆட்டத்தைச் சுருக்கமாகக் ‘கதையாட்டம்’ எனலாம்.

கதையாட்டத்திற்கான நூல்களும் பகடைகளும் கடைகளில் கிடைக்கின்றன. எனினும், இடம், விலங்கு, விதி ஆகியவற்றைக் குடும்பமே படைத்துக்கொள்ளும்போதுதான் இவ்வாட்டத்தின் முழுச்சுவை புலப்படும். அவ்வாறு படைக்க விரும்புவோர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி ஒன்றே: படைப்பவர் பாதியைத்தான் படைக்க வேண்டும்; மறுபாதியை உடன் ஆடுவோருக்கு விட்டுவிட வேண்டும்.

ஆட்டம் பிறந்த வீடு

இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஆட்டம் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நிலவறைகளும் டிராகன்களும் என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். ஆர்னசன் தம் நண்பர்களுக்காகப் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டைப் படைத்து ஆடிவந்தார். 1972ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அதனைக் கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கைகாக்ஸ், ஒரு பாழடைந்த கோட்டையையும் அதன் அடியில் நிலவறைகளையும் வரைந்தார். அவற்றுள் முதலில் நுழைந்தவர்கள் அவருடைய மகன் எர்னியும் மகள் எலைசும் ஆவர்.

அந்த முதல் ஆட்டத்தைக் கைகாக்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பிள்ளைகள் இருவரும் இடர்களைக் கடந்து ஒரு பெட்டியைக் கைப்பற்றினர். அதில் நிறையச் செப்புக்காசுகள் இருந்தன. ஆனால், அவற்றைச் சுமந்து செல்ல முடியவில்லை. வென்ற பொருளைத் தூக்க முடியாத ஏமாற்றத்தோடு அவர்கள் உறங்கச் சென்றனர். தந்தையோ அன்றிரவே நிலவறையின் இரண்டாம் தளத்தை வரையத் தொடங்கினார்.

1974இல் அவ்வாட்டம் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக வெளிவந்தது. முதல் அச்சில் 1,000 படிகளே அச்சிடப்பட்டன. அவை வீட்டிலேயே கையால் அடுக்கி விற்கப்பட்டன. பிள்ளைகளின் சுவடுகள் அவ்வாட்டத்தில் இன்றும் உள்ளன. எர்னஸ்ட் என்னும் தம் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி, எர்னி தம் பாத்திரத்திற்கு ‘டென்சர்’ எனப் பெயரிட்டார். அப்பெயர் பின்னர் ஒரு மந்திரத்தின் பெயராயிற்று. ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஆந்தைக்கரடி, இரும்பைத் துருவாக்கி உண்ணும் விலங்கு ஆகியவை மலிவான நெகிழிப் பொம்மைகளைப் பார்த்துப் படைக்கப்பட்டவை. மூன்றாம் நூலின் முடிவுரை, தாம் விரும்பும் உலகைத் தாமே கற்பனை செய்துகொள்ளுமாறு ஆடுவோரை அழைத்தது. தொடக்கத்திலிருந்தே வீட்டுப் படைப்பு இவ்வாட்டத்தின் உயிர் என்பதனை இச்செய்திகள் உணர்த்துகின்றன.

நான்கு வித்துகள்

முழு நாட்டையும் அதன் ஆயிரம் ஆண்டு வரலாற்றையும் எழுதிவிட்டு ஆடத் தொடங்கலாம் என எண்ணுவோர் பெரும்பாலும் ஆடுவதே இல்லை. ஒரு மாலைப்பொழுதுக்கு ஓர் இடம், ஒரு தேவை, ஒரு தடை, ஓர் உயிர் ஆகிய நான்கும் போதும்.

இடம், ஆடுவோர் அறிந்த ஓரிடத்தின் சாயலில் அமைவது நன்று. தேவை, இன்னும் சிறிது நேரத்தில் கைநழுவிவிடக் கூடியதாக இருத்தல் வேண்டும். தடைக்கு ஒரே ஒரு விடையை எழுதி வைத்தல் கூடாது. உயிரைப் படைக்கும்போது அதன் பல்லையும் நகத்தையும் மட்டும் எண்ணாமல், அது எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது, எதைக் காக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் தூண்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளியின் சிற்பங்களைக் காணலாம். அந்த யாளி தன் குட்டியைக் காக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால், அதனோடு போரிடலாம், பேசலாம், அதற்கு உதவலாம், அதனிடமிருந்து ஒளியலாம். ஒரு வரியால் நான்கு வழிகள் திறக்கின்றன.

பகடையின் கணக்கு

தொடக்கக்கால ஆட்டத்தில் நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் பயன்பட்டன. பள்ளிகளுக்குக் கருவிகள் விற்ற நிறுவனத்தின் பட்டியலிலிருந்து அவை பெறப்பட்டன. இருபது முகப் பகடை இல்லாத வீட்டில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் இட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்ப இட வேண்டும். இல்லையேல் வாய்ப்புகள் மாறிவிடும். ‘11 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி’ என்றால் வாய்ப்பு சரிபாதி. ‘6 அல்லது அதற்கு மேல்’ என்றால் நான்கில் மூன்று பங்கு. ‘16 அல்லது அதற்கு மேல்’ என்றால் நான்கில் ஒரு பங்கு.

ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டினால் 36 வகையில் அவை விழக்கூடும். அவற்றுள் கூட்டுத்தொகை 7 ஆறு வகையில் வரும். 2, 12 ஆகியவை ஒவ்வொரு வகையில் மட்டுமே வரும். எனவே, வழியில் எதிர்ப்படுவனவற்றைப் பட்டியலிடும்போது மீனவரையும் ஆட்டு மந்தையையும் 6, 7, 8 ஆகிய எண்களில் வைக்கலாம். அரிய யாளியை 12இல் வைக்கலாம். அரியது அரிதாகவே தோன்றும்.

ஓர் ஆறும் ஒரு பரிசலும்

ஜபல்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். பன்னிரண்டு வயது மகள் கதை நடத்துநர். தந்தை, தாய், ஏழு வயதுத் தம்பி, விடுமுறைக்கு வந்துள்ள பாட்டி ஆகியோர் ஆடுகின்றனர். ஜபல்பூருக்கு அருகில் பேடாகாட்டில் நருமதையாறு பளிங்குப் பாறைகளுக்கிடையே பாய்கிறது. அங்குள்ள துவாந்தார் அருவியின் நீர்த்திவலைகள் புகைபோல் எழுகின்றன. அதன் சாயலில் மகள் ‘புகையருவி’ என்னும் இடத்தைப் படைக்கிறாள். அருவிக்கு அக்கரையில் உள்ள மூலிகையைப் பொழுது விடிவதற்குள் கொண்டுவர வேண்டும். ஆற்றைக் கடக்க ஒரு பரிசல் உண்டு. அதில் மூவர்தாம் செல்லலாம், பயணிகளோ நால்வர். அக்கரையில் குட்டியோடு ஒரு யாளி நிற்கிறது. யாளியோடு நிகழப்போகும் போரை மட்டும் மகள் மூன்று பக்கம் எழுதியுள்ளாள்.

ஆட்டம் தொடங்குகிறது. இருமுறை கடந்து எல்லாரும் அக்கரை சேர்கின்றனர். தூரத்தில் யாளியின் உறுமல் கேட்கிறது. “நீங்கள் என்ன செய்கிறீர்கள், பாட்டி?” என்று மகள் வினவுகிறாள்.

“பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து, அதற்குள் எல்லாரும் புகுந்துகொள்கிறோம். ஆமை போல மெல்ல நகர்கிறோம்” என்கிறார் பாட்டி. காவிரிக்கரையில் வளர்ந்த அவர், பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து செல்வதைக் கண்டவர். மூங்கிலால் பின்னிய பரிசலைத் தூக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், எழுதியவளுக்குத் தெரியாது.

இங்கேதான் கதை நடத்துநர் ஒரு முடிவெடுக்க வேண்டும். “அது முடியாது” என்று அவள் சொல்லிவிட்டால் மூன்று பக்கப் போர் பிழைக்கும். ஆனால், பாட்டி அதன்பின் கேட்டதற்கு மட்டும் விடை சொல்வார். மகள் சிறிது எண்ணிப் பார்த்து, “11 வந்தால் யாளி ஏமாறும்” என்கிறாள். தம்பி சீட்டை எடுக்கிறான். எண் 14! ஆமையைக் கண்ட யாளிக்குட்டி அதன் பின்னே விளையாட்டாக நடந்து வருகிறது. அது மகளின் தாளில் எழுதப்படாத நிகழ்ச்சி. எழுதிய மூன்று பக்கங்களும் வீணாகவில்லை. குட்டியைத் தேடி யாளி வரும் அடுத்த வார ஆட்டத்திற்கு அவை காத்திருக்கும்.

புதிய ஊரில் வந்து தங்கும் முதியவர்கள் அவ்வூரின் மொழியும் தெருவும் அறியாமல் அமைதியாக அமர்ந்திருப்பதுண்டு. பரிசல் ஓடும் அந்த ஆற்றில் வழி அறிந்தவர் பாட்டி ஒருவரே. ‘கழி’, ‘சுழி’, ‘துறை’ போன்ற சொற்கள் அவரிடமிருந்து ஆட்டத்திற்குள் வருகின்றன. அடுத்த முறை மகள் எழுதும்போது அச்சொற்கள் அவளுடையவை ஆகின்றன.

ஆட்டத்தின் நேர்மை

வீட்டில் ஆடும் ஆட்டத்திற்குச் சில ஒழுங்குகள் தேவை. அவற்றை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாரும் கூடி முடிவு செய்தல் வேண்டும்.

1. பகடையை எல்லாரும் காணும் இடத்தில் உருட்ட வேண்டும். தம்பி அழுவான் என்பதற்காக எண்ணை மாற்றுதல் கூடாது. ஒருமுறை மாற்றிய எண்ணைப் பிறகு எவரும் நம்பமாட்டார்.

2. ஒரு பாத்திரத்தின் வலிமை தீர்ந்துபோனால் என்ன நேரும் என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். சிறுவர் ஆடும் ஆட்டத்தில் அப்பாத்திரம் இறப்பதற்குப் பதிலாகச் சிறைப்படலாம். அரிய பொருளொன்றை இழக்கலாம். ஆனால், இழப்பு உண்மையான இழப்பாக இருத்தல் வேண்டும். இழப்பே இல்லாத ஆட்டத்தில் துணிவுக்கு வேலையில்லை.

3. வீட்டில் பெரியவர் சொல்லைச் சிறியவர் கேட்பது வழக்கம். ஆட்டத்தில் கதை நடத்துநர் சிறுமியாக இருந்தாலும் அவர் தீர்ப்பே முடிவு. அதிகாரம் பெற்றவரோ ஒவ்வொருவரையும் “என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்ட பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும். கேட்டுத் தீர்ப்பளிக்கும் பழக்கம் ஆட்டத்திற்கு வெளியேயும் பயன்படும்.

4. கதை நடத்துநர் பொறுப்பு ஒருவரிடமே தங்காமல் மாறி மாறி வர வேண்டும். எழுதியவற்றை ஒரு குறிப்பேட்டில் சேர்த்து வைத்தால், ஒருவர் வரைந்த ஆற்றின்மேல் மற்றொருவர் பாலம் கட்டலாம்.

அக்குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறத்தில் பாதியை வெறுமையாக விடுவது நல்ல முறை. இடப்புறம் படைத்தவர் எழுதியது இருக்கும். ஆடி முடித்தபின் உண்மையில் நிகழ்ந்ததை எல்லாரும் சேர்ந்து வலப்புறத்தில் எழுதலாம். இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் படிக்கும்போது, தாம் எண்ணாததைத் தம் வீட்டார் எண்ணினர் என்பது படைத்தவருக்கு விளங்கும்.

சொற்பொருள்

பகடை – எண்கள் குறிக்கப்பட்ட உருட்டுக்காய்
பரிசல் – மூங்கிலால் பின்னப்பட்ட வட்ட வடிவ ஓடம்
துறை – ஆற்றில் இறங்கும் அல்லது ஏறும் இடம்
சுழி – நீர் சுழன்று ஓடும் இடம்
திவலை – சிறு துளி

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. எர்னியும் எலைசும் கைப்பற்றிய பெட்டியால் ஏன் பயன் இல்லாமல் போயிற்று?
2. எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் இட வேண்டியதன் காரணம் யாது?
3. பாட்டியின் எண்ணத்தை மகள் மறுத்திருந்தால் ஆட்டம் எவ்வாறு மாறியிருக்கும்? உம் கருத்தை எழுதுக.

ஆ. பிரித்து எழுதுக.
கதையாட்டம், புகையருவி, நிலவறை, முடிவெடுக்க

இ. செய்து பார்க்க.
நீர் வாழும் ஊரில் உமக்குத் தெரிந்த ஓரிடத்தையும், உம் வீட்டுப் பெரியவர் வளர்ந்த ஊரில் அவர் பயன்படுத்திய ஒரு பொருளையும் தேர்ந்தெடுக்க. அவ்விரண்டையும் சேர்த்து இடம், தேவை, தடை, உயிர் ஆகிய நான்கையும் அரைப்பக்கத்தில் எழுதுக. மறுபாதியை ஆடிய பின்னர் நிரப்புக.