கோழி ஏன் செத்தது?

உயிலங்குளத்தில் எங்கள் வீட்டுப் பேட்டுக்கோழி இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே வந்தது. கொண்டை வெளிறியது, முட்டையும் நின்றது. ஒருநாள் காலையில் கூட்டுக்குள் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டார் நஞ்சு வைத்திருப்பார்கள் என்று மாமி சந்தேகப்பட்டார். இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய நாளில் எங்களுக்குச் சோறு தந்த வீடு அது.

செத்த கோழி வெயிலில் விரைவில் அழுகிவிடும்; பிந்தினால் காரணம் தெரியாது. அதனால் உடனேயே பையில் சுற்றிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன்.

“நஞ்சென்றால் பெரும்பாலும் சட்டென்று சாகும். இராணிக்கெட் நோயென்றால் சில நாட்களில் பல கோழிகள் சாகும். இது மெல்ல மெல்ல வந்த வருத்தம்” என்றார் வைத்தியர். வெட்டிப் பார்த்தபோது சிறுகுடல் நிறைய வெள்ளை உருளைப்புழுக்கள் அடைத்திருந்தன.

இப்புழுவின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும். அங்கே கொத்தித் தின்னும் மற்றக் கோழிகளுக்கும் பரவும். குஞ்சுகளையே கூடுதலாகப் பாதிக்கும்.

சகோதரிகளே, வைத்தியர் சொல்லும் அளவில் எல்லாக் கோழிகளுக்கும் புழு மருந்து கொடுங்கள். அதன்பின் எத்தனை நாள் முட்டை, இறைச்சி உண்ணக்கூடாது என்றும் கேளுங்கள். கூட்டை உலர்வாக வைத்து எச்சத்தை அள்ளுங்கள். தீனியை நிலத்தில் எறியாமல் பாத்திரத்தில் வையுங்கள். பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் வெட்டவோ உண்ணவோ வேண்டாம். உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

அன்று பின்னேரம் மாமியே பக்கத்து வீட்டுக்குப் போனார், அவர்களுடைய கோழிகளுக்கும் மருந்து கொடுக்கச் சொல்ல.