மிரளும் குதிரையை நெருங்குவது எப்படி?

ஒரு குதிரையின் காலில் காயம். மருந்து போட்டாக வேண்டும். ஆனால் எப்போதோ சாட்டையடி பட்ட குதிரை அது. ஆள் கிட்டே வந்தாலே மிரண்டு ஓடுகிறது. 400 கிலோ எடையுள்ள பிராணியைப் பலர் கூடிக் கயிறு போட்டு இழுத்து நிறுத்தினால் ஆட்களுக்கும் ஆபத்து, அடுத்த முறை அது இன்னும் மிரளும். வேறு வழி உண்டா? உண்டு. அந்த வழியில் நம் இயற்பியல் பாடமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

திறந்த புல்வெளியில் பகை விலங்குகளுக்கு இரையாகாமல் ஓடிப் பிழைத்த இனம் குதிரை. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே சுமார் 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். வாலுக்கு நேர் பின்னால் ஓர் ஒடுங்கிய பகுதியும், நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும்தான் தெரிவதில்லை. குதிரைக்குப் பின்னால் போகாதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பக்கவாட்டில், தோளை நோக்கி, மெல்லப் பேசிக்கொண்டே செல்ல வேண்டும்.

எவ்வளவு வேகத்தில்? இங்கே ஒரு கணக்குப் போடுவோம். 1.6 மீட்டர் உயரமுள்ள நீங்கள் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கிறீர்கள். குதிரையின் கண்ணில் உங்கள் உருவம் தாங்கும் கோணம், நீங்கள் நெருங்க நெருங்கப் பெரிதாகிறது. 10 மீட்டர் தொலைவில் அது வினாடிக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் வளரும். 2 மீட்டர் தொலைவிலோ வினாடிக்கு ஏறத்தாழ 20 பாகை! உங்கள் நடை மாறவே இல்லை. ஆனால் குதிரைக்கு நீங்கள் திடீரென்று பாய்ந்து வருவதுபோல் தோன்றும். ஆகவே நெருங்க நெருங்க நடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

இனி முக்கியமான கட்டம். ஓடுவதற்கு முன் குதிரை தலையை உயர்த்தும், காதுகளை உங்கள் பக்கம் விறைக்கும், மூக்குத் துளைகளை விரிக்கும். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அது சற்றுத் தளர்ந்து தலையைத் தாழ்த்திய கணமே திரும்பி விலகிச் செல்லுங்கள். கிட்டே போக வேண்டியவர் விலகுவதா என்று கேட்பீர்கள். விலகுவதுதான் இங்கே பரிசு! ‘அசையாமல் நின்றால் இந்த ஆள் போய்விடுகிறான்’ என்று குதிரை கற்றுக்கொள்கிறது. மாறாக, அது ஓடிய பிறகு நீங்கள் விலகினால் ஓடுவதே பயன் தரும் என்று கற்றுக்கொள்ளும். வேறுபாடு ஓரிரு வினாடிதான். திரும்பத் திரும்பச் செய்யும்போது நீங்கள் நிற்கும் இடம் முன்னேறிக்கொண்டே வரும்.

அச்சத்தின் காரணத்தையும் தேட வேண்டும். யாருக்கும் அடங்காத புசெபலஸ் என்ற குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தானாம். அதைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தி, தடவிக் கொடுத்து, பிறகு ஏறினான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நிழல் பின்னால் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் சூட்சுமம். கதையில் எவ்வளவு உண்மையோ, ஒளியியல் சரியாகவே இருக்கிறது. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரைப் போர் வரை அந்தக் குதிரை அவனுடன் வந்தது.

உங்கள் அச்சமும் கணக்கில் சேரும். ஸ்வீடனில் ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை 2009இல் வெளியாயிற்று. குதிரையை நடத்திச் செல்பவர்களிடம், இந்த முறை வழியில் ஒரு குடை திடீரென விரியும் என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் எதிர்பார்த்த மனிதரின் இதயத் துடிப்பு கூடியது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் கூடியது! ஆகவே மனம் படபடக்கிற நாளில் இந்த வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

கடைசியில் குதிரை தானே முகத்தை நீட்டி உங்களை முகரும். உடனே அதன் முகத்தைத் தொடாதீர்கள். கழுத்தின் அடியில், தோள் மேட்டுக்கு முன்னால் மெல்லச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை 1993இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று அளந்து காட்டியது.

இடக் கண் கற்றதை வலக் கண் அறியாது என்று குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. 1999இல் வெளியான சோதனைகள் அதை மறுத்துவிட்டன: ஒரு கண்ணை மூடிக் கற்பித்ததை மறு கண்ணாலும் குதிரைகள் அடையாளம் கண்டன. ஆயினும் அவர்கள் வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். இடப்பக்கம் பழகிய கை வலப்பக்கத்திலிருந்து வரும்போது வேறு காட்சியாகத்தானே தெரியும்? காயம் வலக்காலில் இருந்தால், அந்தப் பக்கத்தில் ஒருமுறை முதலிலிருந்து தொடங்குங்கள்.