மானியம் இருக்கிறது, வழிகாட்டுவது யார்?

கலிபோர்னியாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவருக்கு வாரம் 28 மணி நேரம்தான் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின்படி வாரம் 30 மணி நேரம் வேலை பார்ப்பவரே முழுநேரத் தொழிலாளி. அதற்குக் கீழே இருப்பவருக்கு முதலாளி காப்பீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை. 2026-இல் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.90 டாலர். அந்தக் கணக்கில் அவருடைய ஆண்டு வருமானம் சுமார் 24,600 டாலர். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடி-காலில் தனிநபர் ஒருவர் சேர, 2025 வறுமைக்கோட்டுக் கணக்கின்படி வருமானம் 21,597 டாலரைத் தாண்டக் கூடாது. முதலாளியும் தரவில்லை, அரசுத் திட்டத்திலும் இடமில்லை. இப்படி இடையில் மாட்டிக்கொள்ளும் உழைப்பாளிகளுக்காகவே மாநிலக் காப்பீட்டுச் சந்தை இருக்கிறது. ஆனால், அங்கே தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

சந்தையில் என்ன நடக்கிறது?

அன்றைய அதிபர் ஒபாமா 2010 மார்ச்சில் கையெழுத்திட்ட அதே சட்டத்தின் விளைவு இந்தச் சந்தைகள். அச்சட்டம் வந்த பிறகு தனக்கெனச் சந்தை அமைக்க முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் கலிபோர்னியா. ‘கவர்டு கலிபோர்னியா’ என்ற பெயரில் 2013 அக்டோபரில் பதிவு தொடங்கியது. 2014 ஜனவரியில் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டை விற்பவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். விண்ணப்பம் ஒன்றுதான். வருமானத்தையும் குடும்ப எண்ணிக்கையையும் பார்த்து, மெடி-காலா, மானியத்தோடு தனியார் காப்பீடா என்று முடிவாகிறது. மானியத்தை மாதாமாதம் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்தச் செய்யலாம்; தொழிலாளி மீதித் தொகையைக் கட்டினால் போதும். இதே காப்பீட்டைச் சந்தைக்கு வெளியே வாங்கினால் இந்த மானியம் கிடைக்காது.

மலிவானது எப்போதும் லாபமா?

திட்டங்கள் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம் என நான்கு வகை. கையில் காசு குறைவாக உள்ளவரின் கண் முதலில் போவது பிரான்ஸ் மீதுதான், பிரீமியம் குறைவு. ஆனால், அதில் பெரும்பாலான சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் நோயாளியே செலவழித்த பிறகுதான் நிறுவனம் தன் பங்கைத் தரத் தொடங்கும். வறுமைக்கோட்டைப் போல் இரண்டரை மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்குச் சில்வர் திட்டத்தில் மட்டும் ஒரு கூடுதல் சலுகை உண்டு: மருத்துவமனையில் கட்ட வேண்டிய தொகையும் குறைகிறது. நாம் பார்த்த தொழிலாளிக்குக் கிடைக்கும் ‘சில்வர் 87’ திட்டத்தில் வழக்கமான மருத்துவரைப் பார்க்க 15 டாலர்தான். பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சலுகை போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எடுத்துச் சொன்னால் தவிர்க்கக்கூடிய இழப்பு இது.

வருமானத்தை எப்படிச் சொல்வது?

மானியம் கணக்கிடப்படுவது வரப்போகும் ஆண்டின் வருமானத்தை வைத்து. மாதச் சம்பளக்காரருக்கு இது எளிது. வாரத்துக்கு வாரம் வேலை நேரம் மாறுகிறவரும், டிப்ஸை நம்பியிருப்பவரும், இரண்டு இடங்களில் வேலை பார்ப்பவரும் என்ன எண்ணை எழுதுவார்கள்? குறைத்து எழுதினால், அதிகமாகப் பெற்ற மானியத்தை வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திருப்பிக் கட்ட வேண்டும். குறைந்த வருமானக்காரர்கள் திருப்பிக் கட்டும் தொகைக்கு முன்பு உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் 2026 வரி ஆண்டு முதல் அந்த வரம்பை நீக்கிவிட்டது. எனவே வருமானம் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிவித்துவிடுவது அவசியம்.

சுமை இன்னொரு பக்கமும் ஏறியிருக்கிறது. 2021-இல் கூட்டப்பட்ட மத்திய அரசு மானியம் 2025 டிசம்பரோடு முடிவுக்கு வந்தது. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்ட, வறுமைக்கோட்டின் 165 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்காகக் கலிபோர்னியா 2026-க்கு 19 கோடி டாலர் ஒதுக்கியது. நமது தொழிலாளி இந்த வரம்புக்குள் வருகிறார். விண்ணப்பித்தால்தான் அது அவருக்குப் பயன்படும்.

யாரிடம் போவது, எப்போது?

வழக்கமான பதிவுக் காலம் நவம்பர் 1-இல் தொடங்கி ஜனவரி 31 வரை நடந்துவந்திருக்கிறது. காப்பீட்டோடு இருந்த வேலை போனாலோ, திருமணம் ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ 60 நாட்களுக்குள் தனியாகப் பதிவு செய்யலாம். மெடி-காலுக்குக் காலக்கெடு இல்லை. சமூக மருத்துவ மையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் சான்று பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. முகவர் மூலம் சேர்ந்தாலும் பிரீமியம் கூடாது. சம்பளச் சீட்டு, கடந்த ஆண்டின் வரிக் கணக்கு, குடியேற்ற ஆவணங்கள் ஆகியவற்றை எடுத்துப் போவது நல்லது.

குடும்பத்தினருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. முதலாளி தரும் காப்பீடு தொழிலாளி ஒருவருக்குக் கட்டுப்படியானால் போதும், மனைவி மக்களுக்கும் மானியம் இல்லை என்பது பழைய விதி. 2023 முதல் குடும்பத்துக்கான செலவு தனியாகக் கணக்கிடப்படுகிறது. அன்று ‘கிடையாது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

பகலெல்லாம் வேலையில் நிற்கிறவரால் அலுவலக நேரத்தில் வந்து காத்திருக்க முடியாது. எனவே உதவியாளர்கள் மாலையிலும் விடுமுறை நாட்களிலும், வேலையிடங்களுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும், தொழிலாளியின் மொழி தெரிந்தவர்களாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கான செலவையும் மானியத்தின் ஒரு பகுதியாகவே அரசு கருத வேண்டும். அந்த மானியம் உரியவர்களின் கைக்கு வந்து சேர வேறு வழியில்லை.