திருத்தினால் பழைய குறிப்பு ஏன் மேலே ஏறுகிறது?

இணையத்தில் நாட்குறிப்பு வெளியிட டேட்டாபேஸ் கட்டாயமில்லை. ரேல் டார்ன்ஃபெஸ்ட் எழுதிய 'பிளாசம்' ஒரே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட்தான். ஃபோல்டரில் உள்ள டெக்ஸ்ட் ஃபைல்களைப் படித்து, முதல் வரியைத் தலைப்பாகவும் மீதியை உள்ளடக்கமாகவும் எடுத்துப் பக்கமாக்கும். எவ்வளவு அழகான சிக்கனம்! தேதியைக்கூட நாம் எழுத வேண்டாம். ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துப் பிளாசம் புதியதை மேலே அடுக்கும்.

சிக்கலும் அங்கேதான். பழைய குறிப்பில் விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துச் சேமித்தாலும் அந்த நேரம் மாறிவிடும். போன வருடக் குறிப்பு இன்றையதாகி மேலே ஏறும்.

நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால் தேதியை ஃபைல் பெயரிலேயே வையுங்கள். 2024-03-09 என்று ஆண்டு முதலில், மாதமும் நாளும் இரண்டு இலக்கத்தில். பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். தலைகீழாக அடுக்கினால் புதியது மேலே.